குகட்பள்ளியில் ஒரு கைதட்டல்

நான் கை தட்டிய சத்தம் எனக்கே கேட்டது. அதுதான் முதல் அதிர்ச்சி. ஒரு ஹால் நிறைய ஆட்கள் மேட்ச் பார்க்கும்போது ஒருவன் கை தட்டுவது தனியாகக் கேட்கக் கூடாது. கேட்டால், மற்ற யாரும் தட்டவில்லை என்று அர்த்தம்.

இரண்டு மூன்று தடவை தட்டியிருப்பேன். அடுத்ததற்குக் கை அகன்றபோதுதான் உறைத்தது. அகன்ற கையை என்ன செய்வது? அப்படியே கொண்டுபோய்த் தொடையில் வைத்துக்கொண்டேன்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், எங்கள் வீட்டுக்காரர் சுபேதார் ராஜய்யா சாரின் ஹால் அது. இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. அதே நேரத்தில் கார்கில் மலையில் இரண்டு நாட்டுப் பட்டாளமும் சுட்டுக்கொண்டிருந்தது. சுபேதார் சாரின் ஒரே மகன் அந்த மலையில்தான் எங்கோ இருந்தான். சில வாரங்களாக அவனிடமிருந்து போன் இல்லை.

பந்து போட்டவன் பாகிஸ்தான்காரன். கை தட்டியவன் நான். என் பெயர் கபீர்.

எப்பேர்ப்பட்ட பந்து

அந்தப் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லெக் ஸ்டம்பைக் குறிவைத்து வந்தது. நம் ஆள் அதற்குத் தக்கபடி மட்டையை மடக்கினார். தரையில் குத்தியதும் பந்துக்கு வேறு யோசனை வந்துவிட்டது. மட்டையைத் தாண்டி, ஆஃப் ஸ்டம்பை உரசாமல் உரசி, கீப்பர் கைக்குப் போய்விட்டது. நம் ஆள் அவுட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டை ஏதும் விழுந்திருக்கிறதா என்பதுபோல் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது.

மாடிப்படி இறங்கும்போதே முருகன் எச்சரித்திருந்தான். முருகன் என் அறைத்தோழன், கோவில்பட்டிக்காரன். அந்த வீட்டு மாடிப் போர்ஷனில் நாங்கள் இருவரும்தான் குடியிருந்தோம்.

“ஏலேய் கபீரு, இன்னைக்கு வாயையும் கையையும் கட்டிக்கிட்டு உக்காரு. நாம ஜெயிச்சா மட்டும் கத்து. சொல்லிட்டேன்.”

நானும் விவரம் தெரியாதவன் இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே கத்திக்கொண்டிருந்தேன். நம் ஆள் ஒரு ரன் எடுத்தால், பவுண்டரிக்கு உண்டான சத்தம் என்னிடமிருந்து வரும். என்னைப்போல் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். இந்தியா பாகிஸ்தான் மேட்ச் அன்று நாங்கள் டீவியில் ஒரு கண்ணும், பக்கத்தில் இருப்பவர் முகத்தில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருப்போம். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன், ஒரு பந்தில் கோட்டை விட்டேன்.

பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “எவரி வைப்பு ரா நுவ்வு?” என்றார். யார் பக்கம்டா நீ என்று தெலுங்கில் கேட்கிறார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

சுபேதார் சார் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனைவியை நாங்கள் அம்மா என்று கூப்பிடுவோம். அம்மா எனக்கென்று கொண்டுவந்த டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். எப்போதும் கையில் கொடுப்பவர் அவர்.

அன்று இந்தியா ஜெயித்தது. தெருவெல்லாம் வெடி வெடித்தார்கள். நான் மாடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இறங்கிப்போய் அதைக் காட்ட முகம் இல்லை.

பாஸ்போர்ட் வேண்டும்

வெறும் மனஸ்தாபம் என்றால் நாலு நாளில் ஆறிவிடும். எனக்கு அந்த நேரத்தில் சுபேதார் சாரின் ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அங்கேதான் சிக்கல்.

அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, பேகம்பேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்த காலம். அந்த நடுக்கத்தில்தான் எங்களுக்குச் சோறு. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த மாதம் பாதிக்குள் பாஸ்போர்ட் கையில் இருந்தால் நீ அமெரிக்கா போகிறாய், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவன் போகிறான்.

மனுப் போட்டுவிட்டேன். பாக்கி போலீஸ் விசாரணை. ஊரில் அது முடிந்த விதம் தனிக் கதை. காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஏட்டையா, வாப்பாவோடு உட்கார்ந்து இஞ்சி டீ குடித்து, உலக நடப்பெல்லாம் பேசி, கடைசியில் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டுக் கிளம்பினாராம். வாப்பாதான் ஞாபகப்படுத்தினார்.

ஐதராபாத்தில் அந்தக் கதை நடக்காது. காலனிக்கு ஒரு ஆள் வருவார். வீட்டுக்காரரைக் கேட்பார். “இந்தப் பையனை எனக்குத் தெரியும், தப்பானவன் இல்லை” என்று வீட்டுக்காரர் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். “போட மாட்டேன்” என்று அவர் சொல்லக்கூட வேண்டாம். சண்டை நடக்கிற நேரத்தில், என் பெயரைக் கேட்டதும் ஒரு நிமிஷம் யோசித்தாலே போதும், கதை முடிந்தது.

வாப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் கொழும்பில் பல வருடம் வியாபாரம் பார்த்தவர். “அங்கெ என்னைய இந்தியாக்காரன்னு சொன்னாங்க. இங்கெ வந்தா கொழும்புக்காரன்னு சொன்னாங்க. ரெண்டு ஊரும் என்னைய அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டுச்சு. நீ எங்கெ இருக்கியோ அங்கெ உள்ளவங்க கையிலதான் இருக்கு எல்லாம். துஆ செய்யிறேன், வை” என்றார்.

உருது தெரியாத பாய்

இந்த இடத்தில் என் இன்னொரு அவஸ்தையையும் சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் என் பெயரைக் கேட்டதும் எல்லாரும் உருதுவுக்கு மாறிவிடுவார்கள். எனக்கோ உருதும் தெரியாது, இந்தியும் தெரியாது. எங்கள் ஊரில் பாங்கு ஓசை தவிர மற்றதெல்லாம் தமிழ்தான்.

சார்மினார் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் நான் கையைக் காட்டிக் காட்டி ஆர்டர் சொல்வதைப் பார்த்து, கல்லாவில் இருந்த பெரியவர் நொந்துபோய்விட்டார். “முசல்மான் ஹோ கே உர்தூ நை ஆதீ? கைக்கு?” என்றார். முஸ்லிமாக இருந்துகொண்டு உருது வராதா, ஏன் என்று கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்வது? “மதராஸ்” என்றேன். “ஹவ், மதராஸ்” என்று ஆமாம் போட்டுத் தலையை ஆட்டினார், ஏதோ சீக்காளியைப் பார்ப்பதுபோல். ஆனால் ஒரு துண்டு கறி கூடுதலாக வைக்கச் சொன்னார்.

இந்தப் பக்கம் போனால் நான் மதராசி, அந்தப் பக்கம் போனால் நான் பாய். இரண்டாகவும் என்னை முழுசாகச் சேர்த்துக்கொண்டது அந்த மாடிப் போர்ஷனில்தான். அதற்குக் காரணம் சுபேதார் சார்.

ஒரு வருடம் தாமதமாக வந்த சுதந்திரம்

பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் நீலகிரியில் பயிற்சி எடுத்தவர் அவர். அங்கே தமிழ்ப் பையன்களோடு கிடந்து தமிழ் கற்றுக்கொண்டார். வசவுதான் முதலில் கற்றதாம், வாக்கியம் எல்லாம் பிறகு. எங்களுக்கு வீடு கொடுத்ததே, பழைய தமிழைத் துடைத்து வைக்கலாம் என்றுதான். மகனின் அறைக் கட்டிலைக்கூட மாடிக்கு ஏற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா செய்யும் கோங்கூராப் பச்சடி தவறாமல் படியேறி வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது சொன்னார். “உங்களுக்கெல்லாம் ஆகஸ்டுல வந்திருச்சு சுதந்திரம். எங்களுக்கு அடுத்த வருஷம் செப்டம்பர்ல. அது வரைக்கும் நாங்க நிஜாம் ஆளுங்க.”

அவர் நல்கொண்டா பக்கத்துக் கிராமத்தில் சின்னப் பிள்ளை அப்போது. ரஜாக்கர்கள், அதாவது நிஜாம் ஆட்சிக்காகக் கிளம்பிய படை, வருகிறார்கள் என்றால் ஊரே சோளக் காட்டுக்குள் ஓடிப் படுத்துக்கொள்ளுமாம். அவருடைய சித்தப்பா ஒருவர் அப்படிப் போனவர் திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் இந்திய ராணுவ ட்ரக் வந்தது. அதிலிருந்த சிப்பாய் ஒருவன் இவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தான்.

“அந்த ட்ரக்கைப் பார்த்துதான் நான் பட்டாளத்துக்குப் போனேன் பாபு. எனக்கு இந்தியான்னா அந்த பிஸ்கட்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “ட்ரக் வந்ததுக்கு அப்புறம் எங்க ஊர் தையக்கார சாயபு வீட்டைக் கொளுத்திட்டாங்க. நாங்க காட்டுல கிடந்தப்போ ரொட்டி கொண்டுவந்த ஆளு அவரு. அதையும் நான் பார்த்தேன்.”

இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி இல்லை. அதனால்தான் அவர் கதவைச் சாத்திக்கொண்டபோது எனக்கு அவ்வளவு வலித்தது. வேறு யாராவது சாத்தியிருந்தால் போடா என்று விட்டிருப்பேன்.

சேப்பாக்கத்துக் கெட்ட பழக்கம்

சரி, நான் ஏன் கை தட்டினேன்? இதற்குச் சென்னைவரை போய்வர வேண்டும்.

அந்த வருடம் தை மாதம் சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆடின. நானும் முருகனும் லீவு போட்டுவிட்டு ரயிலேறிப் போனோம். சிமெண்ட் படியில் உட்கார்ந்து பின்புறம் வெந்துபோனது. கையில் இருந்த மேட்ச், கடைசியில் மளமளவென்று விக்கெட் சரிந்து, கொஞ்சூண்டு ரன்னில் தோற்றோம்.

மைதானமே செத்த வீடு மாதிரி ஆனது. முருகன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜெயித்தவர்கள் தயங்கித் தயங்கி மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். யார் முதலில் எழுந்தது என்று தெரியாது. படிக்குப் படி ஆட்கள் எழுந்து கை தட்டினார்கள். முருகன் அழுதுகொண்டே தட்டினான். நானும் தட்டினேன். அந்த நேரத்தில் என் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்கே ஞாபகம் இல்லை. ஒரு நாட்டின் ஆள் என்று என்னை நான் முழுசாக உணர்ந்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கொடி ஏற்றிய நாளைச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பழக்கம்தான் குகட்பள்ளி ஹாலில் என்னைக் காட்டிக்கொடுத்தது.

விசாரணைக்கு வந்தார்கள்

மேட்ச் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோங்கூராப் பச்சடி மாடிக்கு வரவில்லை. கான்ஸ்டபிள் வந்தார்.

சபாரி போட்ட நடுத்தர வயது மனிதர், கக்கத்தில் ஃபைல். வாசலில் சுபேதார் சார் நாற்காலி போட்டு ரேடியோவில் கார்கில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நானும் முருகனும் படியில் நின்றோம். கான்ஸ்டபிள் என்னிடம் உருதுவில் ஆரம்பித்தார். நான் திருதிருவென்று முழித்தேன். தெலுங்குக்கு மாறினார். கொச்சைத் தெலுங்கில் தத்தக்கா பித்தக்கா என்று பதில் சொன்னேன்.

“பேரு கபீர். உருது தெரியாதா?” என்று தெலுங்கில் கேட்டு, ஃபைலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுபேதார் சாரிடம், “என்னங்க, உங்களுக்கு இவரைத் தெரியுமா?” என்றார்.

சுபேதார் சார் ரேடியோவை அணைத்தார். அல்லாவே, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நின்றேன்.

“இருங்க. இவனை நான் ஒண்ணு கேக்கணும்” என்றவர், என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். “எதுக்குய்யா கை தட்டினே?”

மழுப்ப முடியாது. சேப்பாக்கத்தைச் சொன்னேன். தோற்ற பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றதைச் சொன்னேன். “யோசிச்சுத் தட்டலை சார். பழக்கத்துல கை போயிருச்சு.”

அவர் நம்பவில்லை. “மொத்தக் கூட்டமுமா?”

“ஆமா சார். இவனும்தான் இருந்தான்.”

முருகனைப் பார்த்தார். “நீயும் போனியா? நீ தட்டினியா அங்கே?”

“தட்டினேன் சார்.”

“என் வீட்டுல அந்தப் பந்தை நீ பார்த்தே இல்ல? நல்ல பந்துதானே?”

“ரொம்ப நல்ல பந்து சார்.”

“அப்போ என் வீட்டுல நீ ஏன் தட்டலை?”

முருகன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “பயமா இருந்துச்சு சார்.”

“யாருக்கு பயந்தே? எனக்கா?”

“எல்லாருக்கும்தான் சார்.”

கான்ஸ்டபிள் தமிழ் புரியாமல், என்ன கேஸ் இது என்று தவித்தார். உள்ளே அம்மா நிலைப்படியில் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“அவன் பேரு முருகன். அவனே பயந்திருக்கான் என் வீட்டுல” என்றார் சுபேதார் சார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு கான்ஸ்டபிளிடம் கையை நீட்டித் தெலுங்கில் சொன்னார். “பேனா குடுங்க. இந்தப் பையனை எனக்கு நல்லாத் தெரியும். மனசுல இருக்கறதை மறைக்கத் தெரியாதவன். எங்க போடணும்?”

கையெழுத்துப் போட்டார். பட்டாளத்துக் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து தெளிவாக. கான்ஸ்டபிள் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீக்கு உட்கார்ந்தார். அம்மா எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்ததால் டீ சூடு என்று சொல்லி ஊதிக்கொண்டிருந்தேன்.

அப்போது சுபேதார் சார் கேட்டார். “அந்தப் பந்து எப்படிய்யா போச்சு?”

“நீங்கதான் டீவிக்கு நேரா உக்காந்திருந்தீங்களே சார்.”

“டீவிய எங்க பார்த்தேன்? என் பிள்ளை அங்கே இருக்கான், நீ இங்கே என்ன செய்யறேன்னு மேட்ச் முழுக்க உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன்” என்றார். “நீயும் என்னைத்தான் பார்த்துட்டிருந்தே. தெரியும் எனக்கு. அந்த ஒரு பந்துக்குத்தான் நீ என்னை மறந்தே.”

ஃபைனல்

பின்னாளில் தனி மாநிலப் போராட்டம் சூடானபோது, அதே காலனியில் ‘நீ எந்தப் பக்கத்துக்காரன்’ என்ற கேள்வி வேறு ஆட்களைத் தேடிப்போனது. ஒரே தெலுங்கு பேசுகிறவர்களே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஆள் மாறினாலும் பார்வை அதேதான். அதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு எங்கள் ஹால் ஞாபகம் வந்தது.

பாஸ்போர்ட் நேரத்துக்கு வந்தது. நான் போனேன், இருந்தேன், திரும்பியும் வந்தேன். சுபேதார் சாரின் மகன் குளிர்காலத்தில் லீவில் வந்து, முருகனிடமிருந்து அவன் கட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் நான் நன்றி சொல்ல நினைப்பது இதற்கெல்லாம் இல்லை.

கான்ஸ்டபிள் வந்துபோன அடுத்த ஞாயிறு உலகக் கோப்பை ஃபைனல். இந்தியா ஏற்கெனவே வெளியே போய்விட்டது. ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் ஆடின. நம் ஆட்கள் இல்லாத மேட்ச்சுக்குக் காலனியில் யாரும் வரவில்லை. நாங்களும் போவதாக இல்லை.

சுபேதார் சார் கீழேயிருந்து குரல் கொடுத்தார். “முருகா, கபீரு, மேட்ச் ஆரம்பிச்சாச்சு.”

இறங்கிப் போனோம். மூன்று நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார், எனக்கு நடுவில். வழக்கம்போல் நான் டீவியில் ஒரு கண்ணும் அவர் முகத்தில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்தேன்.

பாகிஸ்தான் ஆள் ஒருவன் ஒரு பந்தை அழகாகத் தட்டிவிட்டான். அது ஓடி எல்லைக் கோட்டைத் தொட்டது. என் கை தொடையிலேயே இருந்தது. வலதுபக்கம் சத்தம் கேட்டது. முருகன் தட்டிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான், ஆனால் தட்டினான். நானும் தட்டினேன்.

சுபேதார் சார் தட்டவில்லை. தட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, மகன் மலைமேல் இருந்தான். “மஞ்சி ஷாட்” என்று மட்டும் முனகினார். நல்ல ஷாட் என்று அர்த்தம்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பந்துக்கும் பார்த்தேன், அதற்கடுத்த ஓவரிலும் பார்த்தேன். அந்த மேட்ச் முடிகிறவரை சுபேதார் சார் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.